பாணி மட்டும் வந்த கலியாணம்

பீற்றர்பறோ, கனடா
16.01.2025

அன்பு மகள் கேசிகாவுக்கு,

கவரின்ரை பின்பக்கத்திலை என்ரை பேரைக் கண்டதும் இதைத் திறக்காமல் வைச்சிருப்பாய் எண்டு தெரியும். வைச்சிரு. கிழிக்காமல் விட்டால் காணும். நான் பலேர்மோவை விட்டு றோபேட்டோடை இஞ்சை வந்த கிழமையே நீ என்ரை நம்பரை புளொக் பண்ணிப்போட்டாய். எட்டு வருசமாச்சு. வேறை ஆக்களின்ரை போனிலை இருந்து எடுத்து உன்னை ஏமாத்த எனக்கு விருப்பமில்லை. அதாலைதான் கடிதம். இப்பத்தைய விலாசம் தந்தது உன்ரை ஆரணி அக்கா. அவவோடை கோவிக்காதை.

உனக்குக் கலியாணம் சரிவந்திருக்கெண்டும் அவதான் சொன்னவ. யூன் எட்டாம் தேதி, கோயில் மண்டபத்திலை. பெடியன் விதுரன் எண்டதும் எனக்கு முகம் வந்திட்டுது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை உன்னோடை படிச்ச பெடியன்தானே, எங்கடை பல்கனிக்குள்ளை பந்தை அடிச்சுக் கறிவேப்பிலைச் சாடியை உடைச்சவன். அண்டைக்கு அவனைப் பேசினதுக்கு இப்ப மாமியாராக் கணக்குத் தீர்க்க வரேலாமல் நிக்கிறன்.

நேற்று முந்தநாள் பொங்கினனான். சர்க்கரை வாங்கேல்லை. எங்கடை வளவு மரத்துப் பாணியை விட்டுத்தான் பொங்கினது. நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்குப் பின்னாலை மேப்பிள் மரங்கள் நிக்குது. பனி முடியிற நேரம் மரத்திலை சின்ன ஓட்டை போட்டுக் குழாய் வைச்சால் தண்ணி வடியும். பாத்தால் பச்சைத் தண்ணிதான். நாக்கிலை வைச்சால் இனிப்பெண்டு சொல்லவும் ஏலாது, இல்லையெண்டு சொல்லவும் ஏலாது. அதைக் காய்ச்சிக் காய்ச்சி வத்த வைச்சால் பாணி.

முதல் வருசம் என்ன நடந்தது தெரியுமோ. மன்னாரிலை றோபேட்டின்ரை ஆக்கள் பனையிலை கருப்பணி இறக்கேக்கை, புளிக்காமல் இருக்க முட்டிக்குள்ளை சுண்ணாம்பு பூசுவினம். அந்த நினைப்பிலை இந்த மனுசன் வெத்திலைச் சுண்ணாம்பை எடுத்து மேப்பிள் வாளிகளுக்குள்ளை பூசிப்போட்டார். எனக்குச் சொல்லவும் இல்லை. காய்ச்சக் காய்ச்சத் தார் மாதிரிக் கறுத்துக்கொண்டு வருது. பக்கத்து வீட்டுப் பொம்பிளை ஒரு கரண்டி நக்கிப் பாத்திட்டு, இது ரோட்டுக்குப் போடவோ எண்டு கேட்டா. இஞ்சை வந்த பிறகு நான் முதன்முதலாச் சத்தம் போட்டுச் சிரிச்சது அண்டைக்குத்தான்.

உதுகளை எழுத வந்தனான் இல்லை. தாரை வார்க்கேக்கை அப்பா உன்ரை கையைப் பிடிப்பார். தண்ணி வார்க்கிறது ஆர்? தாய்தான் வார்க்கிறது. தனி ஆம்பிளையாய் நிண்டு பிள்ளையைக் குடுக்கிற வழக்கம் எங்களிட்டை இல்லை. நான் வரட்டோ? றோபேட் வரமாட்டார். நான் வந்து அந்தத் தண்ணியை வார்த்திட்டு அடுத்த பிளேனிலை திரும்பிப் போறன். சாப்பிடக்கூட நிக்கமாட்டன்.

அப்பாவைக் கேட்டுச் சொல்லு.

அம்மா


பலேர்மோ, இத்தாலி
09.02.2025

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அகராதிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். இருபத்தைந்து வயதில் என் வீட்டில் நானே ஒளித்து வைக்கிற பொருளாக ஒரு கடிதம் இருப்பது பிடிக்கவில்லை. அதனால் எடுத்து வாசித்தேன்.

கேட்டதற்குப் பதில்: வேண்டாம்.

கோயில் ஐயரோடு நான் பேசிவிட்டேன். முதலில் மறுத்தார். தாய் தகப்பன் இருவரும் நிற்காவிட்டால் ஒரு சோடியை நிறுத்துவதுதான் முறை, உங்களுக்கு ஞானசேகரம் மாமாவும் மாமியும் இருக்கிறார்களே என்றார். நான் விடவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை போய் நின்றேன். கடைசியில், தகப்பன் கையைப் பிடிக்கட்டும், தண்ணீரைத் தானே வார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். அப்பா என்னைத் தனியாக வளர்த்தார். தனியாகவே கொடுப்பார்.

நீங்கள் வந்தால் அவர் மண்டபத்துக்குள் கால் வைக்கமாட்டார். இந்த எட்டு வருடத்தில் உங்கள் பெயரை அவர் ஒரு தரமும் சொன்னதில்லை. திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும் என்று நினைக்கலாம்.

அவர் நலம். இப்போது பிந்திய மந்தரீன் பழங்கள் பிடுங்கும் காலம். விடிய சியாகுல்லித் தோட்டங்களுக்குப் போகிறார். வந்தால் கையெல்லாம் தோல் எண்ணெய் மணக்கும். மற்ற மாதங்களில் பழையபடி கட்டடங்களின் படி கழுவுகிறார். நான் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் வேலை செய்கிறேன். நோயாளிகள் பயந்து பேசாமல் இருப்பதால் நிறைய வாசிக்க நேரம் கிடைக்கிறது.

உங்கள் மரங்கள் எந்த வகை? கொமூனே நகரசபை நூலகத்தில் ஒரு புத்தகம் பார்த்தேன். சீனி மேப்பிள், சிவப்பு, வெள்ளி என்று போட்டிருக்கிறது. இரவில் உறைந்து பகலில் இளகினால்தான் மரத்துக்குள் தண்ணீர் ஓடுமாம். இங்கே எதுவும் உறைவதில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டுமென்ற கட்டாயமில்லை.

கேசிகா


பீற்றர்பறோ
23.03.2025

என்ரை பிள்ளைக்கு,

சீனி மேப்பிள்தான். மூலையிலை நிக்கிற ஒண்டு மட்டும் சிவப்பெண்டு பக்கத்து வீட்டுக்காரி சொல்லுறா. நீ புத்தகத்திலை தேடிப் பாத்தியெண்டு றோபேட்டுக்குச் சொன்னன். மனுசன் ஒரு மரத்துக்கு முன்னாலை போய் நிண்டு, உன்னைப் பற்றி பலேர்மோவிலை படிக்கினமாம் எண்டு சொல்லுறார்.

பத்து நாளாத் தண்ணி ஓடுது. வாளியை மாத்தி முடியேல்லை. இது பால் மாதிரி, வைச்சிருந்தால் பழுதாப் போகும், அண்டண்டைக்குக் காய்ச்ச வேணும். போன வருசம் நான் குசினிக்குள்ளை வைச்சுக் காய்ச்சினனான். நாள் முழுக்க ஆவி. பின்னேரம் பாத்தால் சுவரிலை ஒட்டியிருந்த பூப்போட்ட கடதாசி முழுக்கக் கழண்டு, வாழையிலை மாதிரித் தொங்குது. வீட்டுக்காரன் வந்து பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்லை, ரண்டு போத்தில் பாணியைத் தூக்கிக்கொண்டு போட்டான். இந்த முறை வெளியிலை அடுப்பு வைச்சிருக்கிறம். பொங்கி வழிய வந்தால் ஒரு பொட்டு நெய் விட்டாக் காணும், அப்பிடியே அடங்கிப் போகும். கடைசி அரை மணித்தியாலம் மட்டும் அங்காலை இஞ்சாலை அரக்கேலாது. அடிப் பிடிச்சுதெண்டால் ஒரு கிழமை உழைப்பும் அவ்வளவுதான்.

நீ எழுதினதை நாலு தரம் வாசிச்சன். நீ கோவமா எழுதியிருக்கிறாய், அது உன்ரை உரிமை. ஆனால் ஒண்டு கேக்கிறன். நான் வந்தால் மண்டபத்துக்குள்ளை கால் வைக்கமாட்டன் எண்டு அவர் சொன்னவரோ? இல்லாட்டி நீ சொல்லுறியோ?

நான் போனதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டன் கேசிகா. பொய்க்கு எழுத ஏலாது. உன்ரை அப்பா கெட்ட மனுசன் இல்லை. அதுதான் ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தேலாமல் போனது. அடிச்சவர், குடிச்சவர் எண்டால் சனம் எனக்காக அழுதிருக்கும். நாங்கள் ரண்டு பேரும் ஒரு வீட்டுக்குள்ளை ஒருத்தரை ஒருத்தர் இடிக்காமல் நடக்கப் பழகின ஆக்கள், அவ்வளவுதான். அவருக்கும் அது தெரியும். கொமூனேயிலை பிரிவுக்குக் கையெழுத்து வைச்ச அண்டைக்கு, வெளியிலை வந்து எனக்குப் பஸ் வரும்வரைக்கும் நிண்டிட்டுத்தான் போனவர். உன்னை என்னோடை வா எண்டு கேட்டனான். நீ அறைக் கதவைப் பூட்டினனி. பதினேழு வயசுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகேலுமோ? அந்தக் கதவுக்கு வெளியிலை இன்னும் கொஞ்ச நேரம் நிண்டிருக்கலாம் எண்டு மட்டும் நினைக்கிறனான்.

அவருக்கு நானே எடுத்துக் கேக்கலாம். நம்பர் இருக்கு. ஆனால் அது உன்னைத் தாண்டிப் போறது. நீ கேள். கலியாணத்துக்குப் பலகாரம் சுடுறதுக்குப் பாணி அனுப்பட்டோ? மே மாதம் எங்கடை ஆள் ஒருத்தன் பலேர்மோ வாறான்.

அம்மா


பலேர்மோ
13.04.2025

அம்மாவுக்கு,

இரண்டு நாளாக ஆபிரிக்காவிலிருந்து சிரோக்கோ காற்று. பிரான்காச்சோவில் எங்கள் கட்டடம் முழுக்க மஞ்சள் தூசி. நாளை வருடப்பிறப்பு, இன்று வீடு கழுவினோம். கழுவிய தடமே இல்லை. அப்பா தண்ணீர் வாளியோடு பல்கனியில் நின்று ஆபிரிக்காவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. நீங்கள் போன பிறகு நெடுநாள் அவர் தேத்தண்ணிக்கு மூன்று கோப்பை எடுத்து வைப்பார். பிறகு ஒன்றைத் திருப்பி வைப்பார். அந்த மனிதரிடம் போய், அம்மா வந்து பக்கத்தில் நிற்கட்டுமா என்று கேட்பதற்கு எனக்கு வாய் வராது. உங்களோடு பஸ் வரும்வரை நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் யாரோடும் அப்படித்தான் நிற்பார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இந்த ஊர்ப் புனிதை சாந்தா றொசாலியாவைக் கும்பிட நம்முடைய சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு நடக்கும் அல்லவா. நீங்கள் போன வருடம் நானும் நடந்தேன். எனக்கு முன்னால் போன பெண்கள் நான் கிட்ட வரும்போது பேச்சை நிறுத்துவார்கள், நான் தாண்டிப் போனதும் தொடங்குவார்கள். மலை உச்சி வரைக்கும் அப்படியே. அதன் பிறகு நான் அங்கே போகவில்லை. இப்போது அந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டது. நான் இராஜதுரையின் மகள், அவ்வளவுதான். நீங்கள் மண்டபத்துக்குள் வந்தால் அன்றைக்கு எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். ஒரு நாளைக்காவது என்னைப் பார்க்கட்டுமே.

விதுரன், வரச் சொல் என்கிறான். அவனுக்கு எல்லாம் இலகு. கறிவேப்பிலைச் சாடிக்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லையாம், அதற்காகவாவது வரட்டுமாம்.

பாணியை அனுப்புங்கள். ஆரணி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். யார் தந்தது என்று மற்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆவி போனபின் அந்தச் சுவரை என்ன செய்தீர்கள்? பெயின்ற் அடித்தீர்களா, அப்படியே விட்டீர்களா?

கேசிகா


பீற்றர்பறோ
28.04.2025

அன்பு மகளுக்கு,

பெயின்ற் அடிச்சது. வெள்ளை. நீ கேட்டது எனக்குச் சந்தோசம்.

மரத்திலை வடிஞ்சது நிண்டிட்டுது. மொட்டு வந்தால் முடிஞ்சுது எண்டு பக்கத்து வீட்டுக்காரி முதலே சொன்னவ. நான் ஆசையிலை இன்னும் ரண்டு நாள் எடுத்துக் காய்ச்சினன். பாணி எண்டு பேர், மணம் அவிச்ச கீரை மாதிரி. நிலத்திலை ஊத்திப்போட்டன். அந்த ரண்டு நாளும் சும்மா இருந்திருக்கலாம்.

நல்ல பாணி மூண்டு போத்தில், அங்கை வாறான் எண்டு சொன்ன ஜோக்கிமின்ரை கையிலை குடுத்துவிடுறன். மே பதினெட்டு அங்கை வந்து நிப்பான், தாய் தேப்பனைப் பாக்க. இருபத்தெட்டாம் தேதி திரும்புறான். ஒரு போத்தில் பயத்தம் பணியாரத்துக்கெண்டே கம்பிப் பதத்துக்கு இறுக்கினது. அடியிலை கல்லுச் சீனி மாதிரிக் கட்டிபட்டிருக்கும், பயப்பிடாதை, சுடுதண்ணிக்குள்ளை போத்திலை வை, இளகும். மாவிலை ஒரேயடியா விடாதை. இது சர்க்கரையை விடக் கெதியாக் கறுக்கும், எண்ணைச் சட்டியிலை நெருப்பைக் குறைச்சு வை.

பாணி வரலாம், நான் வரக்கூடாது. சரி, விளங்குது. மலைக்குப் போற வழியிலை நடந்ததை நீ எனக்கு இதுவரைக்கும் சொன்னதில்லை. அதுகளின்ரை வாயை நான் அடைக்கேலாது. ஆனால் உனக்குப் பக்கத்திலை நடந்திருக்கலாம். அப்ப என்னைப் பாத்து நிப்பாட்டியிருக்குங்கள், உன்னை விட்டிருக்குங்கள்.

நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்திலை லீவு கேட்டு வைச்சிருக்கிறன். மே இருபதுக்கு முதல் ஓம், இல்லை எண்டு அவையளுக்குச் சொல்ல வேணும். பிறகு வேறை ஆளைப் போடேலாதாம். அதுக்குள்ளை ஆரணியின்ரை போனிலையாவது எனக்கு ஒரு சொல் அனுப்பு. ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் இனிக் கேக்கமாட்டன்.

திரும்பவும் சொல்லுறன். அவரைக் கேள்.

அம்மா


பலேர்மோ
25.05.2025

அம்மா,

இன்று பலகாரச் சூடு நடந்தது. நல்ல நேரம் பார்த்து ஆரணி அக்கா அடுப்பு மூட்டினா. வந்த பெண்களுக்கு எங்கள் குசினி போதவில்லை, பாதிப் பேர் படிக்கட்டில் இருந்து மா அரித்தார்கள். மேல்மாடி இத்தாலிக்கார சிஞ்ஞோரா எட்டிப் பார்த்து, யாருக்குக் கலியாணம் என்று கேட்டு, தானும் ஒரு அரிதட்டை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டா.

பாணியை நான்தான் விட்டேன். நீங்கள் எழுதியபடி நெருப்பைக் குறைத்தேன். முதல் சட்டி கறுத்துவிட்டது, இரண்டாவது சரிவந்தது. இதென்ன வாசம், தேனா, பாணியா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆரணி அக்கா வாயைத் திறக்கவில்லை.

வேலையால் வந்த அப்பா தட்டிலிருந்து ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தார். நின்றபடியே இன்னொன்றையும் எடுத்தார். இது என்ன சர்க்கரை பிள்ளை என்று கேட்டார். கடையில் வாங்கியது என்று சொன்னேன். எந்தக் கடை என்றார். மக்குவேதா வீதியில் ஒரு கடை என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார். என்னால் அதற்குப் பிறகு ஒரு உருண்டைகூட ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை.

நீங்கள் வாருங்கள். நீங்கள் சொன்ன தேதி கடந்துவிட்டது என்று தெரியும். ஏதாவது செய்து வாருங்கள். அப்பாவிடம் நான் பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

நாளை வேலைக்குப் போகும் வழியில் இதைத் தபாலில் போடுவேன்.

கேசிகா


பீற்றர்பறோ
19.06.2025

அன்பு மகள் கேசிகாவுக்கு,

உன்ரை கடிதம் நேற்று முந்தநாள் வந்தது. நீ கலியாணப் பொம்பிளையாய் ஒன்பது நாள் வாழ்ந்து முடிச்ச பிறகு.

வாருங்கள் எண்டு எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்லை விரலாலை தடவிப் பாத்தன். நீ எழுதேக்கை மனதார எழுதியிருக்கிறாய், அது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை, நாங்கள் ஜனவரியிலை இருந்து கடிதம் எழுதுறம். ஒரு கடிதம் போய்ச் சேர எவ்வளவு காலம் எடுக்கும் எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆரணியின்ரை கையிலை போன் இருந்தது. ஜோக்கிம் இருபத்தெட்டாம் தேதி இஞ்சை திரும்பினவன், வெறுங் கையோடை வந்து வாசலிலை நிண்டு, எல்லாரும் சுகம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். நீ தபால்பெட்டிக்குள்ளை போட்டாய்.

நான் உன்னை ஏசேல்லை. என்னைக் கேக்கவும் வேணும், நான் வராமலும் இருக்க வேணும் எண்டு உனக்கு இருந்திருக்கு. அப்பிடி இருக்கலாம். நானும் வீட்டை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு, நீ கதவைத் திறக்க வேணும் எண்டும் நினைச்சன், திறந்தால் போகமாட்டன் எண்டு பயந்தும் நிண்டனான். அதாலை விளங்குது. விளங்கினாலும் நோகுது.

யூன் எட்டாம் தேதி எனக்கு லீவு இல்லை. இல்லத்திலை ஒரு கிழவிக்குத் தலை முழுக வார்த்துக்கொண்டிருந்தனான். அங்கை முகூர்த்தம் இஞ்சை விடியப்புறம், முடிஞ்சிருக்கும் எண்டு தெரியும். எண்டாலும் அந்த மனுசியின்ரை தலையிலை தண்ணியை வார்க்கேக்கை பாதியிலை நிப்பாட்டிப்போட்டன். சூடு கூடிப் போச்சோ எண்டு அவ கேட்டவ.

ஆரணி படங்கள் அனுப்பினவ. கூறைக்கு நீ எடுத்த நிறம் நல்லாயிருக்கு. விதுரன் கொஞ்சம் உடம்பு வைச்சிட்டான், சாப்பாட்டைக் கவனி. தாரை வார்க்கிற படத்திலை ஞானசேகரம் அண்ணை உன்ரை கையைப் பிடிச்சிருக்கிறார், அவரின்ரை மனுசி செம்பு வைச்சிருக்கிறா. நீ ஐயரோடை சண்டை பிடிச்சு அப்பாவுக்கெண்டு வாங்கின இடமெல்லோ அது. அவர் ஏன் நிக்கேல்லை? படத்திலை தேடித் தேடிப் பாத்தன், தூணுக்குப் பக்கத்திலை சால்வையின்ரை கரை மட்டும் தெரியுது. சுகமில்லாமல் போச்சோ? அதை மட்டும் எழுது.

அம்மா


பலேர்மோ
13.07.2025

அம்மா,

அப்பாவுக்குச் சுகமில்லாமல் போகவில்லை.

நீங்கள் தபால்பெட்டியைப் பற்றி எழுதியது சரி. அன்றைக்கு நான் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்றுதான் இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். ஜோக்கிம் அண்ணா புறப்பட முதல்நாள் வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கு ஏதும் குடுக்க இருக்கோ என்று கேட்டார். இல்லை என்றேன். ஏற்கெனவே தபாலில் போட்டுவிட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் நல்ல சொற்கள் இல்லை.

கலியாணத்தன்று நடந்ததை எழுதுகிறேன்.

கன்னிகாதானத்துக்கு நேரம் வந்ததும் ஐயர் வழக்கத்தில் பெண்ணின் தாய் தகப்பன் வாருங்கோ என்று மைக்கில் கூப்பிட்டுவிட்டார். என்னோடு பேசி ஒத்துக்கொண்டதை அந்த நேரத்தில் மறந்துபோனார். எல்லோரும் உங்களைத்தான் நினைத்தார்கள், நீங்கள் வராமலே. அப்பா மணவறைக்குக் கிட்ட வந்தார். பட்டுவேட்டி, நான் வாங்கிய சால்வை. வந்தவர் ஏறாமல், ஞானசேகரம் மாமாவின் பக்கம் திரும்பி, நீங்கள் ரண்டு பேரும் நில்லுங்கோ என்றார்.

நான் எட்டி அவருடைய சால்வையைப் பிடித்தேன். ஐயரோடு பேசிவிட்டேன், நீங்கள் தனியாக நிற்கலாம், தண்ணீரை அவர் வார்ப்பார் என்று சொன்னேன். அப்பா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"தனிய நிண்டு குடுக்க ஏலாது பிள்ளை. கொம்மா வந்திருந்தா நானும் பக்கத்திலை நிண்டிருப்பன். ஒரு மணித்தியாலம்தானே."

பிறகு சால்வையை என் கையிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டு, "அவவுக்கு வர மனமில்லைப் போலை" என்றார்.

ஸ்பீக்கரில் மேளம் தொடங்கிவிட்டது. மாமி செம்பைச் சரித்தா. தண்ணீர் குளிராக இருந்தது. நான் அழுவதைப் பார்த்து, பெண் பிரிவுக்கு அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். விதுரன் மட்டும் என்ன என்று கண்ணால் கேட்டான். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அப்பா தூணுக்குப் பக்கத்தில் நின்றார். நான் அவருக்காகப் பிடித்து வைத்த இடத்தில் அவரும் நிற்கவில்லை, நீங்களும் நிற்கவில்லை.

அதன் பிறகு ஒரு மாதம் நான் அவருக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் விதுரனும் போவோம். சாப்பிடுவோம். அவர் பழம் வெட்டித் தருவார். இந்த மனிதர், மனைவிக்கு மகளின் கலியாணத்துக்கு வர மனமில்லை என்று நம்பிக்கொண்டு பழம் வெட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் கடைசிக் கடிதம் வந்த பிறகு அதுவும் முடியவில்லை.

இன்று சொன்னேன். நாளை சாந்தா றொசாலியாவின் பெஸ்தீனோ திருவிழா, தெருவெல்லாம் விளக்குக் கட்டுகிறார்கள். அப்பா பல்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நின்று சொன்னேன். நீங்கள் வரக் கேட்டீர்கள் என்றும், நான் வேண்டாம் என்று எழுதினேன் என்றும், அவரைக் கேட்கும்படி நீங்கள் சொல்லியும் நான் கேட்கவில்லை என்றும். பணியாரத்துப் பாணி உங்கள் வளவு மரத்துடையது என்பதையும்.

அவர் திரும்பவில்லை. எத்தனை தரம் கேட்டவ என்றார். கடிதத்துக்குக் கடிதம் கேட்டீர்கள் என்றேன். ஒரு சேர்ட்டை உதறிக் கொடியில் போட்டார். அதன் கையை நேராக இழுத்துவிட்டார்.

"எனக்காகக் கதைக்கச் சொல்லி உன்னட்டை ஆர் கேட்டது?"

சத்தம் போடவில்லை. கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்பதுபோல் கேட்டார். நீங்கள் அம்மாவின் பெயரையே சொன்னதில்லையே என்றேன். சொன்னால் நீ எழும்பி அறைக்குள்ளை போவாய், அதாலை விட்டனான் என்றார்.

அம்மா, அது உண்மை. நான் அப்படித்தான் எழும்பிப் போவேன். போய்க் கதவைப் பூட்டுவேன். அவருடைய மௌனம் என்று நான் வைத்திருந்தது, என்னைக் குழப்பக் கூடாதென்று அவர் அடக்கி வைத்தது. உங்களிடம் நான் காட்டிய அவருடைய கோபம் முழுவதும் என்னுடையது.

மிச்சத் துணியையும் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தார். உங்கள் விலாசத்தைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். தபாலகம் நாளை பெஸ்தீனோவுக்குக் குறைந்த நேரம்தான் திறந்திருக்கும், நேரத்தோடு போக வேண்டும் என்றார். போனில் எடுக்கலாமே என்றேன், எனக்கு எழுத வேண்டும் என்றார். பிறகு மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்.

அவருடைய கடிதம் இதற்கு முன்னோ பின்னோ வரும். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இந்த முறை நான் ஊகிக்கவில்லை.

கேசிகா